டான்சிகர் சகோதரர்கள்: முன்னோடிகளா, வெறும் வணிகர்களா?

செல்வன்:
1950களில் பிரிட்டனில் மலிவான துணைப்படங்களையும் (திரையரங்கில் முக்கியப் படத்தோடு சேர்த்துக் காட்டப்படும் சிறு படங்கள்) அரைமணி நேரத் தொலைக்காட்சித் தொடர்களையும் எடுத்துக் குவித்த அமெரிக்கச் சகோதரர்கள் எட்வர்ட், ஹாரி லீ டான்சிகர் ஆகியோரைத் தொலைக்காட்சி முன்னோடிகள் என்று இங்குச் சிலர் கொண்டாடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களைக் குறிப்பிட்ட அளவு திரையிட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் இருந்ததால்தான் இவர்களுடைய சரக்கு விலைபோயிற்று. 1954-இல் வந்த ‘டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்’ படத்தைப் பாருங்கள். பூமியின் ஆண்களைப் பிடித்துச் செல்லச் செவ்வாயிலிருந்து ஒருத்தி இறங்கி வருகிறாள். படமோ ஸ்காட்லாந்து விடுதி ஒன்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு நகர மறுக்கிறது.

யாழினி:
அந்தப் படத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் செல்வன் ஐயா ஆண்டுகளைக் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் 1949 முதல் படமெடுத்து, 1951-இல் எட்கர் உல்மரை இயக்குநராகக் கொண்டு ‘செயின்ட் பென்னி த டிப்’ தயாரித்த பிறகே இவர்கள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். இவர்களுடைய ‘த வைஸ்’ தொடர் அமெரிக்காவின் ஏபிசி வலையமைப்பில் 1954-இல் தொடங்கியது. பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி பிறந்ததோ 1955 செப்டம்பரில்தான். பிரிட்டனில் விளம்பர ஒளிபரப்பே இல்லாத காலத்தில், அமெரிக்கச் சந்தைக்கு லண்டனில் படச்சுருளில் தொடர் எடுத்து அனுப்பலாம் என்று கணக்குப் போட்டவர்களை வேறு எப்படி அழைப்பது?

செல்வன்:
கெட்டிக்கார வியாபாரிகள் என்று அழைக்கலாம். அதே தொடரின் தனித்தனி எபிசோடுகளை ஒட்டவைத்து, முழுநீளப் படம் என்ற பெயரில் பிரிட்டன் திரையரங்குகளுக்கும் விற்றார்கள். டிக்கெட் வாங்கியவர் பார்த்தது தொலைக்காட்சியின் மிச்சத்தை. போதாக்குறைக்கு, நுழைவுச்சீட்டுகளின் மீது விதித்த ஈடி வரியிலிருந்து தயாரிப்பாளர்களுக்குப் பணம் திரும்பி வந்தது.

ராகவன்:
ஈடி வரி பற்றி ஒரு திருத்தம். 1950-இல் தன்விருப்பமாகத் தொடங்கி 1957-இல் சட்டமான அந்த ஏற்பாட்டில், படம் ஈட்டிய வருவாய்க்கு ஏற்பவே பங்கு கிடைத்தது. சிறு வாடகைக்குப் போகும் துணைப்படத்துக்கு அதில் பெரும் பங்கு வர வழியில்லை. இவர்கள் பிழைத்தது சிக்கனத்தால். போர்க்காலத்தில் விமான எஞ்சின்களைச் சோதித்த கட்டடத்தை 1956-இல் நியூ எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவாக மாற்றினார்கள். வேறு படங்களுக்காகப் போட்டு இன்னும் பிரிக்காத செட்டுகளைக் காட்டி, அவற்றுக்கு ஏற்றபடி கதை எழுதச் சொல்வார்கள் என்று அவர்களிடம் பணியாற்றிய திரைக்கதை எழுத்தாளர் பிரையன் கிளெமென்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். போரில் இடது கையை இழந்த டொனால்ட் கிரேயைத் துப்பறிவாளர் மார்க் சேபராக்கி, ஒற்றைக்கை நாயகனை ஆண்டுக்கணக்கில் அமெரிக்க வீடுகளுக்குள் அனுப்பியவர்களும் இவர்களே. பெரிய நிறுவனம் எதுவும் அன்று அப்படித் துணிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செல்வன்:
கிரே விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் சிக்கனத்தைச் சாக்காக ஏற்க மாட்டேன். தயாரிப்பாளர் ஹானா வைன்ஸ்டைனும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்தான். 1955-இல் தொடங்கிய அவருடைய ராபின் ஹுட் தொடரில், தூண்களுக்கும் சுவர்களுக்கும் சக்கரம் பொருத்தி, ஒரே தளத்தில் நொடியில் கோட்டையைக் காடாக்கினார்கள். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் வேலை மறுக்கப்பட்டு ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் சிக்கியிருந்த ரிங் லார்ட்னர் ஜூனியர் போன்ற எழுத்தாளர்களைப் புனைபெயரில் எழுதவைத்தார். மிச்சம் பிடித்த பணம் எழுத்துக்குப் போயிற்று. டான்சிகர்களிடம் அது எங்கே போயிற்று?

யாழினி:
வைன்ஸ்டைனுக்குப் பின்னால் பிரிட்டிஷ் தொலைக்காட்சி முதலாளி லூ கிரேட் நின்றார். அந்த வசதியை மறந்துவிட்டு ஒப்பிடுவது நியாயமாகாது. எழுத்து வேண்டும் என்றால், எட்கர் ஆலன் போவின் கதையிலிருந்து 1960-இல் இவர்கள் எடுத்த ‘த டெல்-டேல் ஹார்ட்’ படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதன் திரைக்கதையிலும் கிளெமென்ஸின் கை உண்டு. ‘த அவெஞ்சர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் உளவுத் தொடரைப் பின்னாளில் தூக்கி நிறுத்தியவர் இந்தப் பட்டறையில்தான் வாரந்தோறும் கதை எழுதிப் பழகினார்.

செல்வன்:
பழகியது அவர் திறமை. கூலி கொடுத்ததற்காக முதலாளிக்கு மாலை போட வேண்டியதில்லை. 1960களின் தொடக்கத்தில் ஸ்டூடியோவை மூடிவிட்டு விடுதித் தொழிலுக்குப் போனவர்கள், திரும்பவும் ஒரு படம் எடுக்கும் ஆசை கொண்டதாகத் தெரியவில்லையே.

ராகவன்:
துணைப்படச் சந்தை அப்போது சரிந்துகொண்டிருந்தது, அரைமணி நேரத் தொடர்களின் இடத்தை ஒருமணி நேரத் தொடர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆசையில்லாமல் போனார்களா, கணக்குத் தெரிந்து போனார்களா என்பதை அந்த இரண்டையும் வைத்துத்தான் பேச வேண்டும், ஐயா.