கம்பு பழகிய காலத்தில் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்: சிலம்பம் பழகுபவர்களின் அனுபவப் பகிர்வு

நெற்றிப்பொட்டு:

11 வருஷம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கு ஆசான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். "காலடி மட்டும் பழகுங்க, கம்பு மோத வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கும் என் ஜோடிக்கும் அது நாலாவது வருஷம். எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கிற தொடுமுறை ஆடிப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டோம். தலைக்கவசம் பெட்டியில் பூட்டிக் கிடந்தது, சாவி ஆசானிடம்.

அவன் காலுக்கு வாரினான். நான் எகிறித் தப்பி, அதே வேகத்தில் தலைக்கு இறக்கினேன். அவன் தடுப்பு கொஞ்சம் பிந்திவிட்டது. இடது புருவத்துக்கு மேலே பட்டது. கம்பும் கம்பும் மோதினால் வருகிற சத்தம் வேறு, இது வேறு. 'மொத்' என்று ஒரு சத்தம். அவன் ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டினான், சிரித்தான், "ஒண்ணுமில்லடா, வா" என்றான். சரி என்று நானும் தொடர்ந்தேன்.

இன்னும் பத்து நிமிஷம் ஆடினோம். வழக்கமாக என் தோள் அசைவதைப் பார்த்தே அடி எங்கே வரும் என்று கண்டுபிடித்துவிடுவான். அந்தப் பத்து நிமிஷமும் கம்பு கிட்டே வந்த பிறகுதான் நகர்ந்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்றைக்கு என் கை வேகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி மூன்று முறை வாந்தி எடுத்தான். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது நன்றாக இருக்கிறான். அடி பட்டதைக்கூட விடுங்கள், கம்பு என்றால் படத்தான் செய்யும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

தாமதமாக வந்தவள்:

34 வயசில் சேர்ந்தேன். மகளைக் கொண்டுபோய் விடத்தான் போனேன், நானும் சேர்ந்துவிட்டேன். ஆறு வாரம் என் கையில் கம்பே கொடுக்கவில்லை. காலடி, காலடி, காலடி. பக்கத்தில் என் மகள் ஜம்மென்று கம்பு சுற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வலது முட்டியில் வேறு வலி. வயசாகிவிட்டது, அதனால்தான் கம்பு தரவில்லை என்று நானே முடிவு கட்டி, மறுநாளோடு நின்றுவிடலாம் என்றிருந்தேன்.

எங்கள் கூடம் மண் தரை. சாயங்காலம் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அடி வைத்தால் அச்சு விழும். அன்றைக்கு நான் வீடு கட்டி முடித்ததும், அதாவது நாலு மூலைக்கும் காலடி வைத்துத் திரும்பி முடித்ததும், ஆசான் என்னை வெளியே வரச் சொன்னார். என் கால் தடத்தையே காட்டினார். மூன்று மூலையிலும் குதிகால் வழித்துக்கொண்டு வட்டமாகத் திரும்பியிருந்தது. நாலாவது மூலையில் மட்டும் ஆழமாக ஒரு குழி. "இங்க குதிகால் திரும்பலம்மா. கால் நட்டுக்கிட்டு நிக்குது, இடுப்பு மட்டும் திரும்புது. மிச்சத் திருப்பத்தை யார் வாங்குவா? முட்டிதான்."

குதிகாலைத் தளர்த்தித் திருப்பப் பழகினேன். ஒரு மாசத்தில் முட்டி வலி போய்விட்டது. ஏழாவது வாரம் கம்பு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உறுத்துவது வேறு: அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட "முட்டி வலிக்கிறது" என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே பார்த்திருப்பார்.

மூணாங்கணு:

எங்கள் ஊர்த் திருவிழா. கல்மூங்கில் கம்பு, ஐந்து வருஷம் என்னோடு இருந்தது. ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில் மூன்றாவது கணுவுக்குக் கீழே முடி மாதிரி ஒரு கீறல் பார்த்தேன். நகத்தால் நெருடிப் பார்த்தேன். நகம் சிக்கியது. மேளம் ஆரம்பித்துவிட்டார்கள். கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எதிர்க்கம்பு பட்டதும் பிளந்தது. ஒரு முழ நீளச் சிலாம்பு பறந்து கூட்டத்துக்குள் போனது. முன்வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி. அவர் காலடியில், செருப்புக்குப் பக்கத்து மண்ணில் குத்தி நின்றது. மேளம் நிற்கவில்லை. பாட்டிக்கும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நான்தான் ஆட முடியாமல் நின்றுவிட்டேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கம்பை எடுத்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உருவுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது. அப்புறம் தரையில் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல கம்பு கணீரென்று பேசும், உள்ளே விட்டுப்போன கம்பு செத்த சத்தம் கொடுக்கும். கீறலுக்கு டேப் போடாதீர்கள். டேப் கீறலை மறைக்கும், பிடிக்காது. வெயிலிலும் தகரக் கூரைக்கு அடியிலும் போட்டால் காய்ந்து வெடிக்கும். சுவரில் சாய்த்தே வைத்தால் வளையும், படுக்கப் போடுங்கள். அவ்வப்போது எண்ணெய் தடவுங்கள். ஜோடிப் பயிற்சிக்குப் பிரம்பு பரவாயில்லை. மூங்கில் மாதிரி படீரென்று பிளக்காது, முனையில் நார் நாராகப் பிரிந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பிரிய ஆரம்பித்த முனையை அறுத்துவிடுங்கள். நெற்றிப்பொட்டு உயரத்துக்குக் குறைந்துவிட்டால் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். கூட்டத்தை, கம்பு நீளத்தைப் போல மூன்று மடங்காவது தள்ளி நிறுத்துங்கள். கயிறு கட்டாமல் நான் இப்போதெல்லாம் ஆடுவதில்லை. அமைப்பாளர்கள் முகம் சுளித்தாலும் சரி.

பழைய கூடம்:

நெற்றிப்பொட்டு தம்பி, தலைக்கவசம் பெட்டியில் இருந்ததுதான் காரணம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாங்கள் 1978இல் பழக ஆரம்பித்தபோது கவசமே கிடையாது. கம்பை நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் ஜோடி கொடுப்பார்கள். இப்போது தலையில் கவசம் இருக்கிற தைரியத்தில் முழு வேகத்தில் இறக்குகிறார்கள். நிறுத்துகிற வித்தை போய்விட்டது.

எங்கள் ஆசான் ஒரு பரீட்சை வைப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாம் முழு வீச்சில் வந்து, அவர் பொட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால் கம்பை நிறுத்த வேண்டும். காற்று அவர் மயிரை அசைக்க வேண்டும், கம்பு தொடக் கூடாது. 1981இல் என் முறை வந்தது. ரெண்டு சுற்று வந்தேன். அவர் மூடிய கண்ணைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டு, ஒரு பயமும் இல்லாமல், என்னை நம்பி நிற்கிறார். என் கை நடுங்கிவிட்டது. கம்பைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணைத் திறந்தார். "கீழ போடத் தெரிஞ்சுதே, அதுவே பாதி பாடம். இன்னும் ஒரு வருஷம் பழகு" என்றார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். நான் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை.

இரவுப் பணி:

பழைய கூடம் ஐயா, நிறுத்துகிற வித்தை பற்றி நீங்கள் சொன்னதை முழுசாக ஏற்கிறேன். ஆனால் கவசம் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. நான் சிலம்பமும் பழகியவள், அவசரப் பிரிவில் நர்ஸாகவும் இருக்கிறேன். கவசம் மண்டை உடைவதையும் கிழிவதையும் குறைக்கும். மூளை உள்ளே குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. அதனால் கவசம் போட்டிருந்தாலும் தலையில் அடி பட்டால் ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. நெற்றிப்பொட்டு அண்ணா, உங்கள் நண்பர் அடியைத் தாமதமாகப் பார்த்தாரே, அதுதான் அறிகுறி. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. மந்தமாவார்கள், கேட்டதையே திரும்பக் கேட்பார்கள், வெளிச்சம் கூசும், எரிச்சல் வரும். முதல் அடி ஆறுவதற்குள் ரெண்டாவது அடி பட்டால், அபூர்வமாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். அதுவும் இளவயசுப் பிள்ளைகளுக்கு. முதல் ரெண்டு நாள் கூடவே ஆள் இருக்க வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. இது எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கே பத்துப் பதினைந்து நாள் ஆகும், பிள்ளைகளுக்கு ஒரு மாசம்வரைகூட. திரும்ப வரும்போதும் முதலில் நடை, அப்புறம் காலடி, அப்புறம் தனிக் கம்பு. ஜோடி கடைசியில்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது கொடுங்கள். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்குங்கள்.

என் கதை சின்னது. 12 வயசுப் பையன். குதித்துத் திரும்புகையில் கை ஊன்றி விழுந்திருக்கிறான். சுளுக்கு என்று மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள், அப்புறம் இறுக்கமாக ஒரு கட்டு. ஒரு கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு வந்தான். அழவில்லை. விரல் நகம் நீலம் பாரித்திருந்தது. கட்டை வெட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்கிற இடத்திலேயே முறிவு. "அடுத்த வாரம் போட்டி இருக்குக்கா" என்றான். அவன் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

ஒரு அம்மா:

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகனுக்கு அப்போது 8 வயசு. மண்பானை மேல் நின்று மூன்று மணி நேரம் விடாமல் கம்பு சுற்ற வேண்டும், சாதனைச் சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள். பணம் கட்டினோம். மேடை, பேனர், சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள்.

ரெண்டு மணி நேரம் தாண்டியதும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொப்புளம் உடைந்துவிட்டது. கம்பில் ஈரம் மினுங்கியது. கம்பு சுற்றுவதை விடாமல் கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்ததும், வாயை மட்டும் அசைத்து, "நிறுத்தட்டுமாம்மா?" என்று கேட்டான். நான் கையைச் சுழற்றிக் காட்டினேன். சுற்று, சுற்று என்று.

முடித்தான். கைதட்டினார்கள். சான்றிதழ் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரு மாசம் கழித்துக் கம்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். இப்போது அவனுக்கு 14. அதற்குப் பிறகு தொடவே இல்லை. நான் வற்புறுத்தவில்லை.

வடக்கு மைதானம்:

அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரிலும் இதேதான் நடக்கிறது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியிலும் செய்முறை (டெமோ) விளையாட்டாக வந்த பிறகு, கூடங்களில் கூட்டம் கூடியிருக்கிறது. எனக்கு அதில் மனசார சந்தோஷம். ஆனால் சாதனைச் சான்றிதழும் போட்டிச் சான்றிதழும் ஒன்று என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஒன்றில்லை. மூன்று மணி நேரம் ஒரே சுற்றைச் சுற்றினால் பிள்ளைக்கு வித்தை கூடாது, மணிக்கட்டு நரம்புதான் புண்ணாகும். அதே மூன்று மணி நேரத்தைத் தினம் அரை மணியாக ஆறு நாளைக்குப் பிரித்துக் கொடுங்கள், காலடி எங்கேயோ போய்விடும்.

பழைய கூடம் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஆசான் நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். அப்படிப்பட்ட ஆசான் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதனால்தான் கவசம் வேண்டும் என்கிறோம்.

பந்தம்:

சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்பந்தம் சுற்றும்போது மண்ணெண்ணெயில் முக்கிய துணியைப் பிழியாமல் பற்றவைத்தேன். முதல் சுற்றிலேயே நெருப்புத் துளி தெறித்தது. நான் போட்டிருந்தது பாலியஸ்டர் டிராக். எரியவில்லை, உருகித் தொடையில் ஒட்டிக்கொண்டது. ஈரச் சாக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தது பத்து வயசுப் பையன். ஆசான் வேண்டாம் வேண்டாம் என்றும் நான் கேட்காமல் ஆடிய நாள் அது. பருத்தி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டாமல் இப்போது யாரையும் பந்தம் தொட விடுவதில்லை.

புதுக்கம்பு:

அண்ணா, அக்கா, எனக்கு 16 வயசு. எல்லாவற்றையும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜோடி ஆடும்போது காதுக்கு மேலே பட்டது. மயக்கம் எல்லாம் இல்லை. ஆனால் போன் பார்த்தால் தலை வலிக்கிறது, வகுப்பில் போர்டு மங்கலாகத் தெரிகிறது. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆடலாமா?

இரவுப் பணி:

தம்பி, ஆடக் கூடாது. இதற்கு வேறு பதிலே கிடையாது. இப்போதே அப்பா அம்மாவிடம் சொல், இன்றைக்கே டாக்டரிடம் போ. 'உடனே ஆஸ்பத்திரி' என்று நான் மேலே எழுதியதில் ஏதாவது ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடு.

நெற்றிப்பொட்டு:

தம்பி, உன் ஜோடி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கும் இது தெரிய வேண்டும். அவனிடமும் சொல். ஆசானிடம் நீ தனியாகப் போகப் பயமாக இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போ. சொன்னதும் இங்கே ஒரு வரி எழுது. நான் காத்திருக்கிறேன்.

புதுக்கம்பு:

சொல்லிவிட்டேன் அண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். ஆசான் திட்டவில்லை. என் கம்பை வாங்கி அவர் வண்டியிலேயே கட்டிக்கொண்டார். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கிற வரைக்கும் தர மாட்டாராம். அப்பாவோடு இப்போது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் 23. போனை வைக்கச் சொல்கிறார்கள்.