ஹாப்லோ கெளுத்தியின் நுரைக்கூடு காலையில் சிதறிவிடுகிறது, உதவி தேவை

தொண்டிக்கரை: அண்ணன்மார்களே, அவசரம். ஹாப்லோ ஆண் மீன் சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில், முட்டைக்காகத் தண்ணீர் மேலே நுரைக்கூடு கட்ட ஆரம்பித்தது. ராத்திரி உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. காலையில் பார்த்தால் கூடு இல்லை, மூலையில் கொஞ்சம் நுரை மட்டும் ஒட்டியிருக்கிறது. பெண்ணுக்கு வயிறு நன்றாக உப்பியிருக்கிறது. என்ன செய்ய?

பாம்பன்காற்று: தொட்டி எவ்வளவு பெரிது தம்பி? என்ன ஃபில்டர்? மேலே மிதக்கும் செடி, இலை ஏதாவது உண்டா?

உவர்மண்: தண்ணீர்தான் காரணம். நம் கரையில் கிணறு, போர் எல்லாம் உப்பு. இது தென் அமெரிக்கச் சதுப்பு மீன், மழைத் தண்ணீருக்குப் பழகியது. கேன் தண்ணீர் பாதி கலந்து பாருங்கள்.

ஐப்பசிமழை: தண்ணீரை விடுங்கள். வங்கக்கடலில் தாழ்வு உருவானாலே என் வீட்டு மீன் கூடு கட்டும். இப்போது மூட்டமாக இருக்கிறது, தானாகக் கட்டும்.

மீன்வாத்தியார்: தொட்டி அளவு, வெப்பம், ஃபில்டர் எழுதாமல் கேள்வி போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? கடையில் ஹாப்லோ என்று இரண்டு மூன்று மீனை விற்பார்கள். உடம்பில் புள்ளி உண்டா? வால் கவையா, நேர்வெட்டா? அடிப்படையே தெரியாமல் குஞ்சு எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

தொண்டிக்கரை: மூன்றடித் தொட்டி. பவர் ஃபில்டர், ஏர்ஸ்டோன் இரண்டும் ஓடுகிறது. செடி இல்லை.

பாம்பன்காற்று: சரி, விஷயம் இதுதான். கரண்ட் போனதும் தண்ணீர் அசையாமல் நின்றது, ஆண் கட்டியது. கரண்ட் வந்ததும் ஃபில்டர் தள்ளிவிட்டது. இரண்டையும் நிறுத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை மெதுவாக ஓடவிடு. இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கும், மூச்சு முட்டாது. ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கவிழ்த்து மூலையில் மிதக்கவிட்டு நூலால் கட்டு, அதற்கு அடியில் கட்டும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடு, காவல் நிற்கும் ஆண் அடித்தே கொன்றுவிடும். கையை விடும்போதும் கவனம், பக்கத்துடுப்பு முள் தடித்திருக்கும்.

கண்மாய்க்காரன்: குஞ்சு நூற்றுக்கணக்கில் வரும். மிச்சத்தை ஊருணியில் விட்டால் கொசுப் புழு குறையும்.

உவர்மண்: தயவுசெய்து விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000இல் அரசு தடை செய்தும் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஹாப்லோவில் ஒரு வகை 1990களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புகுந்து, இன்று அங்கே நிலைத்துவிட்டது.

கண்மாய்க்காரன்: நம் ஊருணி சித்திரையில் வற்றிவிடுமே, எந்த மீன் தங்கும்?

உவர்மண்: வற்றும் முன்னால் மழையில் நிரம்பி வழியுமே, அப்போது கண்மாய்க்குப் போகாதா? காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் சேற்றிலும் கிடக்கும். ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

மீன்வாத்தியார்: இழையை விட்டு விலகாதீர்கள்.

தொண்டிக்கரை: மூடிக்கு அடியில் கூடு கெட்டியாக நிற்கிறது. மஞ்சளாக முட்டை தெரிகிறது. பெண்ணைப் பிரித்துவிட்டேன். புள்ளி உண்டு, வால் நேர்வெட்டு. நன்றி அண்ணே.

மீன்வாத்தியார்: அப்படியானால் அது ஹாப்லோ என்று விற்கிற மீன்களில் மெகாலெகிஸ் என்ற வகை.

பாம்பன்காற்று: நாலு நாளில் பொரியும். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்த முட்டை இருந்தால் எடுத்துவிடு. குஞ்சுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா முட்டையை (உப்புத் தண்ணீரில் பொரியும் பொடி இறால் போன்ற உயிர்) நாளை மறுநாள் ஊறப்போடு, பொரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். உப்பு வாங்க வேண்டாம், கடல்தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுத்தால் போதும். குஞ்சுக்குப் போடும் முன் நல்ல தண்ணீரில் அலசிவிடு.