ஈவுக்குலத்தில் வந்து நின்றுவிட்டேன்: நுண்புல இயற்கணிதத்தைத் தனியே கற்பது எப்படி?

கேள்வி: இரவுப்பணிப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் மின்பொறியியல் படித்து, அனல்மின் நிலையம் ஒன்றில் சுழற்சிப் பணியில் இருப்பவன், வயது 36. பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, தனிநிலைக் கணக்கியல் என்ற பாடத்தில்தான் குலம் (ஒரு செயலியோடு சேர்ந்து நான்கு விதிகளுக்கு உட்படும் கணம்) என்ற சொல்லை முதன்முதலில் சந்தித்தேன். அடைவு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி ஆகிய நான்கையும் வரிசையாகச் சரிபார்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. வேறு எத்தனையோ விதிகள் இருக்க, இந்த நான்கை மட்டும் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

சென்ற ஆண்டு முதல், இரவுப்பணி இல்லாத வாரங்களில் விடியற்காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஹெர்ஸ்டைனின் இயற்கணிதப் பாடநூலைத் தனியாகப் படித்து வருகிறேன். உட்குலம் (குலத்துக்குள் அமைந்த சிறு குலம்), இணைக்கணம் (உட்குலத்தின் எல்லா உறுப்புகளையும் குலத்தின் ஓர் உறுப்பால் பெருக்கிக் கிடைக்கும் கணம்), லக்ராஞ்சு தேற்றம் (முடிவுறு குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை உட்குலத்தின் எண்ணிக்கை மீதியின்றி வகுக்கும்) வரை ஒருவாறு வந்துவிட்டேன். ஆனால் இயல்நிலை உட்குலம் (இடப்பக்க, வலப்பக்க இணைக்கணங்கள் ஒன்றாகவே அமையும் உட்குலம்), ஈவுக்குலம் (அந்த இணைக்கணங்களையே உறுப்புகளாகக் கொண்ட குலம்) என்ற இடத்தில் மூன்று மாதங்களாக நிற்கிறேன். நிரூபணத்தின் ஒவ்வொரு வரியும் படிக்கும்போது புரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்குப் பின் கை நகர்வதில்லை. பயிற்சிக் கணக்குகளில் பத்துக்கு இரண்டுதான் முடிகிறது. அந்த இரண்டும் சரிதானா என்று சொல்ல என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த நூல் தவறா, அல்லது படிக்கும் முறை தவறா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய விரிவுரையாளர்

அன்புள்ள பொறியாளருக்கு வணக்கம். கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் நிற்கும் இடத்தில்தான் என் மாணவர்களில் பெரும்பாலோரும் நின்றார்கள். லக்ராஞ்சு தேற்றம் வரை எண்ணிக்கை அறிவே போதும். ஈவுக்குலத்தில்தான் முதன்முறையாக, ஒரு முழுக் கணத்தைத் தனியோர் உறுப்பாக நினைக்கும்படி நம்மைக் கேட்கிறார்கள். நூல் தவறில்லை. அதன் கணக்குகள் கடினமானவைதான், ஆனால் நல்லவை. குறை எங்கே என்றால், இயல்நிலை உட்குலத்தின் வரையறை எந்தத் தோல்வியிலிருந்து பிறந்தது என்பதை நீங்கள் இன்னும் உங்கள் கையால் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதை இப்போதே செய்துவிடலாம். மூன்று பொருள்களின் வரிசைமாற்றங்கள் ஆறு. அவை ஒரு குலம். (12) என்பது முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றுவது. (123) என்பது 1-ஐ 2-இன் இடத்துக்கும், 2-ஐ 3-இன் இடத்துக்கும், 3-ஐ 1-இன் இடத்துக்கும் அனுப்புவது. பெருக்கும்போது வலப்பக்கம் இருப்பதை முதலில் செய்யுங்கள். சமனியும் (எதையும் இடம் மாற்றாதது) (12)-உம் மட்டும் கொண்ட உட்குலத்தை எடுத்துக்கொண்டால், அதன் இடப்பக்க இணைக்கணங்கள் மூன்று: அந்த உட்குலமே ஒன்று, (13), (123) ஆகிய இரண்டும் சேர்ந்தது இன்னொன்று, (23), (132) ஆகிய இரண்டும் சேர்ந்தது மூன்றாவது. இப்போது இரண்டாவது இணைக்கணத்தை மூன்றாவதால் பெருக்க முயலுங்கள். இரண்டாவதன் சார்பாளராக, அதாவது அதிலிருந்து எடுக்கும் ஓர் உறுப்பாக, (13)-ஐயும், மூன்றாவதன் சார்பாளராக (23)-ஐயும் எடுத்தால் விடை (132). அது மூன்றாவது இணைக்கணத்தில் விழுகிறது. இரண்டாவதன் சார்பாளராக (13)-க்குப் பதில் (123)-ஐ எடுத்து, அதே (23)-ஆல் பெருக்கினால் விடை (12). அது முதல் இணைக்கணத்தில் விழுகிறது. கணங்கள் அவைதான், சார்பாளரை மாற்றியதால் விடை மாறிவிட்டது. ஆகவே இந்த இணைக்கணங்களுக்கிடையே பெருக்கல் என்று ஒன்றை வரையறுக்கவே முடியாது.

அடுத்து, சமனி, (123), (132) ஆகிய மூன்றும் கொண்ட உட்குலத்தை எடுத்து இதையே செய்து பாருங்கள். எந்தச் சார்பாளரை எடுத்தாலும் விடை ஒரே இணைக்கணத்தில் விழும். இரட்டை எண், ஒற்றை எண் கூட்டலைப் போலவே இரண்டு உறுப்புகள் கொண்ட ஒரு சிறு குலம் உங்கள் கண்முன் உருவாகும். இந்த இரண்டு உட்குலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொற்களில் எழுத முயன்றால், நீங்கள் எழுதுவதுதான் இயல்நிலை என்பதன் வரையறை. புத்தகம் அதை முதல் வரியில் வைத்துவிடுவதால், அது வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றுகிறது.

இது முடிந்ததும் ஒரே ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை எண்ணிக்கையில் செய்து கிடைப்பவை) 12. அந்தக் குலத்தில் ஆறு உறுப்புகள் கொண்ட உட்குலம் இல்லை என்று நிரூபியுங்கள். லக்ராஞ்சு தேற்றத்தின் மறுதலை பொய் என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு கிடையாது. ஒரு வாரம் ஆனாலும் விடையைத் தேடிப் பார்க்காதீர்கள்.

பதில் 2: வளையங்களின் மாணவி

ஐயா சொன்ன கணக்கீடு மிகவும் பயனுள்ளது. ஆனால் வரிசையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. தனியே படிப்பவர்களுக்கு வளையங்களிலிருந்து (முழு எண்களைப் போலக் கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்புகள்) தொடங்குவதே எளிது என்பது என் அனுபவம். முழு எண்களும் பல்லுறுப்புக் கோவைகளும் நமக்குச் சிறுவயது முதல் பழக்கமானவை. 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டுவதும் பெருக்குவதும் ஈவு வளையம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் சரிபார்த்த மட்டு எண்கணிதம் அதுவே. எனவே ஈவு என்ற கருத்தை நீங்கள் பெயர் தெரியாமல் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

வளையங்களில், ஒரு வரையறை எதற்காக வந்தது என்பதும் தெளிவாகத் தெரியும். முழு எண்களோடு √-5-ஐச் சேர்த்துக்கொண்டால், 6 என்ற எண்ணை 2 × 3 என்றும் எழுதலாம், (1 + √-5) × (1 - √-5) என்றும் எழுதலாம். இந்த நான்கில் எதையும் மேலும் உடைக்க முடியாது. பகாக் காரணிப்படுத்தல் ஒரே வழியில்தான் அமையும் என்று பள்ளியில் நாம் நம்பியது இங்கே சரிந்துவிடுகிறது. இத்தகைய சரிவைச் சரிசெய்யத்தான் ஜெர்மானியக் கணிதவியலாளர் கும்மர் 1840-களில் இலட்சிய எண்கள் என்ற கருத்தைக் கொண்டுவந்தார். அதைக் கணங்களின் மொழியில் 1871-இல் டெடகிண்டு மாற்றி எழுதியதே இன்று நாம் படிக்கும் ஐடியல் (கூட்டலுக்குள் அடங்கி, வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்கும் உட்கணம்). வளையத்தை ஐடியலால் வகுப்பதும் குலத்தை இயல்நிலை உட்குலத்தால் வகுப்பதும் ஒரே வேலை என்பது ஒருமுறை புலப்பட்டால், நீங்கள் நிற்கும் இடம் தானாக நகரும்.

நேரியல் இயற்கணிதம் பொறியியலில் அணிகளாக மட்டும் வந்திருக்கும். திசையன் வெளி, நேரியல் உருமாற்றம் என்ற நோக்கில் அதை ஒருமுறை மீண்டும் படித்துவிடுங்கள். ஆர்ட்டினின் நூல் அணிகளிலிருந்தே தொடங்குவதால் பொறியாளர்களுக்கு அது நன்கு பொருந்தும். அந்த நூலை ஒட்டி ஹார்வர்டில் பெனடிக்ட் கிராஸ் 2003-இல் நடத்திய வகுப்புகள் காணொளியாகவும் கிடைக்கின்றன. ஒரு பகுதியை நீங்களாகப் போராடிப் பார்த்த பிறகே அதற்குரிய காணொளியைப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால், புரிந்துவிட்டது என்ற உணர்வு மட்டும் மிஞ்சும்.

பதில் 3: கணக்கர், திருச்சி

வணக்கம். நான் வணிகவியல் படித்தவன். ஆறு ஆண்டுகளாக இதைத் தனியே படிக்கிறேன். நிரூபணம் சரியா என்று யார் சொல்வார்கள் என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் நான் அதிகம் துன்பப்பட்டது அதில்தான்.

இயல்நிலை உட்குலத்தின் இயல்நிலை உட்குலம், முழுக் குலத்திலும் இயல்நிலையாகவே இருக்கும் என்று நான் ஒருமுறை நிரூபித்துவிட்டேன். நான்கு வரிதான், அழகாகவும் இருந்தது. எட்டு மாதங்கள் அதை உண்மை என்றே நம்பி, வேறு கணக்குகளிலும் பயன்படுத்தினேன். பிறகு இணையத்தில் அறிமுகமான ஒரு நண்பர், சதுரத்தின் எட்டுச் சமச்சீர்களை வைத்து அதை உடைத்துக் காட்டினார். செங்குத்து அச்சில் பிரதிபலிப்பும் சமனியும் ஓர் உட்குலம். அதனோடு 180 பாகைச் சுழற்சியையும் கிடைமட்ட அச்சின் பிரதிபலிப்பையும் சேர்த்தால் நான்கு உறுப்புகள் கொண்ட உட்குலம். சிறியது நடுவிலுள்ளதில் இயல்நிலை, நடுவிலுள்ளது முழுதிலும் இயல்நிலை. ஆனால் 90 பாகைச் சுழற்சியை ஒருபுறமும் அதன் எதிர்மறையை மறுபுறமும் வைத்துப் பெருக்கினால், செங்குத்துப் பிரதிபலிப்பு கிடைமட்டப் பிரதிபலிப்பாக மாறிவிடுகிறது. சிறிய உட்குலத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. என் நிரூபணத்தின் மூன்றாவது வரியில், நடுவிலுள்ள உட்குலத்துக்குள் வந்துவிட்டதைச் சிறியதற்குள் வந்துவிட்டதாக எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து எதை நிரூபித்தாலும், அந்தக் கூற்றை முதலில் சதுரத்தின் சமச்சீர்களில் சோதித்துப் பார்க்கிறேன். அந்த நண்பரும் நானும் வாரம் ஒரு நிரூபணத்தைக் கையால் எழுதிப் படமெடுத்து மாற்றிக்கொள்கிறோம். மற்றவர் அதில் ஒவ்வொரு 'ஆகவே'வையும் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் ஒப்பந்தம். விருப்பமிருந்தால் நீங்களும் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

இரவுப்பணிப் பொறியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன பெருக்கலைத் தாளில் செய்து, (12) வேறு இணைக்கணத்தில் போய் விழுந்ததைப் பார்த்தபோது, மூன்று மாதங்களாக வெறும் சொற்றொடராக இருந்த வரையறை ஒரு தேவையாக மாறிவிட்டது. 12 உறுப்புகள் கொண்ட குலத்தின் கணக்கையும் ஒன்பது நாளில் முடித்தேன் என்று நம்புகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஆறு உறுப்புகள் கொண்ட உட்குலம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு இரண்டே இணைக்கணங்கள் இருப்பதால் இடமும் வலமும் ஒன்றாகி, அது இயல்நிலை ஆகிறது. ஈவுக்குலத்தில் இரண்டே உறுப்புகள். அத்தகைய குலத்தில் எந்த உறுப்பின் இருபடியும் சமனிதான் என்பதால், மூலக் குலத்தின் ஒவ்வோர் உறுப்பின் இருபடியும் அந்த உட்குலத்துக்குள் விழ வேண்டும். ஆனால் (123) என்பது (132)-இன் இருபடி. இதுபோல் மூன்று பொருள்களைச் சுழற்றும் எட்டு உறுப்புகளும் இருபடிகளே. எட்டு உறுப்புகள் ஆறில் அடங்க முடியாது.

கணக்கர் ஐயாவின் குழுவில் சேர மிகவும் விரும்புகிறேன்.

பழைய விரிவுரையாளர்

முற்றிலும் சரி, மிக்க மகிழ்ச்சி. ஈவுக்குலத்தைப் புரிந்துகொள்ள முயன்ற நீங்கள் அதையே கருவியாக்கி ஒரு தேற்றத்தை நிரூபித்திருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

அடுத்தது இதோ. ஐந்து பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 60. ஓர் உறுப்பை, குலத்தின் மற்ற ஒவ்வோர் உறுப்பாலும் ஒருபுறமும் அதன் எதிர்மறையால் மறுபுறமும் பெருக்கிக் கிடைப்பவற்றையெல்லாம் ஒரே தொகுதியில் வைத்தால், அந்த 60-உம் 1, 12, 12, 15, 20 என்று ஐந்து தொகுதிகளாகப் பிரியும். முதலில் அந்த எண்களை நீங்களே கணக்கிட்டுப் பெறுங்கள். இயல்நிலை உட்குலம் என்பது சமனியையும் சில முழுத் தொகுதிகளையும் கொண்டதாக இருக்க வேண்டும். அதன் எண்ணிக்கை 60-ஐ மீதியின்றி வகுக்கவும் வேண்டும். எந்தெந்தக் கூட்டுத்தொகைகள் தேறுகின்றன என்று பார்த்து எழுதுங்கள். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கு மூலக்குறிகளால் அமைந்த பொதுச் சூத்திரம் இல்லை என்று 1824-இல் ஏபெல் நிரூபித்ததற்கும், அதன் காரணத்தைக் குலங்களில் கண்ட கால்வாவுக்கும் நீங்கள் போய்ச் சேரும் வழி அந்தக் கூட்டல் கணக்கில்தான் இருக்கிறது.