ஆண்ட்ராய்டு செயலியை ஐஃபோனுக்குக் கொண்டுபோனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாங்கள் மாற்றியது மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலி. ஆண்ட்ராய்டுக்கான நிரல்மொழியான கோட்லினில் இருப்பதை ஐஃபோனுக்கான ஸ்விஃப்டில் எழுதுவதுதான் பெரும்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சாயலில் நெருங்கிய மொழிகள்; அந்தப் பகுதி மளமளவென்று முடிந்தது. பிழிந்தெடுத்தது நினைவூட்டல்தான்.

ஆண்ட்ராய்டில் அலாரம் அடித்ததும் எங்கள் நிரல் விழித்து, அடுத்த அலாரத்தைத் தானே வைத்துவிடும். ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் செயலி மூடியிருக்கும்போது அறிவிப்பு திரையில் தோன்றும். பயனர் அதைத் தொடாதவரை செயலிக்குச் சேதியே வராது. சரி, எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்துவிடலாம் என்றால், ஒரு செயலிக்கு 64 அறிவிப்புகள்தான் காத்திருக்க முடியும். மிச்சத்தை இயங்குதளம் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடும். நாளுக்கு ஆறு வேளை மருந்து சாப்பிடுபவருக்குப் பதினோராம் நாள் கையிருப்பு தீர்ந்துவிடும்!

தினமும் ஒரே நேரத்தில் வருவதை மீள்நிகழும் அறிவிப்பாக வைத்தால் எத்தனை நாள் ஓடினாலும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் பயனர் மருந்தை முன்னதாகவே சாப்பிட்டுவிட்டார் என்றால் அன்றைய ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை. அதனால் தனித்தனியாகவே பதிந்து, செயலியைத் திறக்கும்போதெல்லாம் நிரப்பினோம். வரிசையின் கடைசியில் 'செயலியை ஒருமுறை திறக்கவும்' என்று ஓர் அறிவிப்பு. அழகில்லாத வழிதான். செயலி திறந்திராதபோதும் அதன் நிரலை ஓடவிடும் பின்னணிப் பணி வசதியை 2019-இல் ஐஓஎஸ் 13 தந்திருக்கிறதே என்பார்கள். அது எப்போது ஓடும் என்பது ஃபோனின் இஷ்டம். மருந்து விஷயத்தில் அதை நம்ப நான் தயாரில்லை.

*

எங்களுக்குத் தொல்லை தந்தது தேதி. சர்வரிலிருந்து வரும் நேரத்தை 24 மணி வடிவில் படிக்கும் நிரல், சில பயனர்களிடம் மட்டும் வெறுமையைத் திருப்பித் தந்தது. ஃபோன் அமைப்பில் 12 மணி, 24 மணி என்று மாற்றி வைத்திருந்தவர்கள் அவர்கள். நாம் கொடுத்த வடிவத்தையே ஐஓஎஸ் அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. பயனரின் அமைப்பு எதுவானாலும் மாறாத பாசிக்ஸ் லொகேல் என்ற வட்டார அமைப்பை நிரலில் குறிப்பிட்டதும் தீர்ந்தது.

*

நான் எதிர்த்திசையில் போனவன். ஐஃபோனில் திரையைத் திருப்பினால் அதே திரை அகலமாகும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டிலோ, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், திரையையே அழித்து மறுபடி கட்டுகிறது. பாதி நிரப்பிய படிவத்தில் சேமிக்காத விவரங்கள் பறந்துவிடும். டெவலப்பர் அமைப்புகளில் 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே' என்றொரு தேர்வு உண்டு. ஆக்டிவிட்டி என்பது செயலியின் ஒரு திரை; பயனர் அதை விட்டு நகர்ந்ததுமே அழித்துவிடும் என்பதால், எது பறிபோகிறது என்று உடனே தெரிந்துவிடும். முதல் நாளிலேயே அதை இயக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.