கருத்தடை மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே தொடங்கிய ஆயத்தம்

நான்கு ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை எடுத்துவந்த நான், குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று கணவருடன் பேசி முடிவெடுத்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட நினைத்தேன். எதற்கும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம் என்று மகப்பேறு மருத்துவரிடம் சென்றபோது, பரிசோதனை முடிவுகள் வரும்வரை நிறுத்த வேண்டாம் என்று அவர் கூறியது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ரூபெல்லா என்ற தொற்றுக் காய்ச்சலுக்கு எதிரான நோய் எதிர்ப்பு என் உடலில் இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் அந்தக் காய்ச்சல் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவை பாதிக்கப்படலாம். அதற்கான தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருப்பதால் அதைக் கர்ப்ப காலத்தில் போட்டுக்கொள்ள இயலாது; போட்டுக்கொண்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு என் கையிலிருந்த மாத்திரையே காவல். நான் அவசரப்பட்டு நிறுத்தியிருந்தால் அந்த வாய்ப்பை இழந்திருப்பேன் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினையும் அப்போதே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், தொடங்கச் சொன்னார். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் நரம்புக்குழாய் கருவுற்ற சுமார் 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது; அது சரியாக மூட உதவுவது இந்த வைட்டமின்தான். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நாம் கவனிக்கும்போதே அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இதைவிட அதிக அளவு தேவைப்படலாம் என்பதால், அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். வேறு மருந்து எதையேனும் வழக்கமாக எடுப்பவர்கள் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்; வலிப்புக்கான வால்ப்ரோயேட்டும் முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயினும் கருவுக்குத் தீங்கு செய்பவை. ஆனால் வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்தாக முடியலாம்.

என் கணவரிடமும் மருத்துவர் கேள்விகள் கேட்டார். அதற்காக அவருக்கு நான் நன்றியுள்ளவள். ஒரு விந்தணு முழுமையாக உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும் என்பதை விளக்கி, புகைபிடிப்பதை இன்றே விட்டால்தான் பலன் உரிய நேரத்தில் கிடைக்கும் என்றார். அன்று மாலையே கணவர் அதை விட்டுவிட்டார்.

தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கடந்த பின்னர், கையிலிருந்த மாத்திரை அட்டையை முடித்துவிட்டு நிறுத்தினேன். அடுத்த மாதவிலக்கு 41 நாள்கள் கழித்தே வந்தது. மாத்திரை கருப்பையைக் கெடுத்துவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதெல்லாம் அந்த நாள்களில் என்னை உறங்கவிடவில்லை. மாத்திரைக் காலத்தில் மாதம் தவறாமல் வந்தது உண்மையான மாதவிலக்கே அல்ல, ஹார்மோன் இல்லாத நாள்களில் ஏற்படும் உதிரப்போக்குதான் என்றும், உடல் தன் சொந்தச் சுழற்சிக்குத் திரும்பச் சில மாதங்கள் எடுக்கலாம் என்றும், மாத்திரையால் நிலையான மலட்டுத்தன்மை வருவதில்லை என்றும் மருத்துவர் தெளிவுபடுத்தினார். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பேகூடக் கருத்தரிக்கக்கூடும் என்பதால், உடல் தூய்மையாகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் முயலத் தொடங்கி இது நான்காவது மாதம். எனக்கு 31 வயது என்பதால் ஓராண்டு வரை முயலச் சொல்லியிருக்கிறார்.

மறுமொழி

உங்கள் பதிவைப் படித்தபோது, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியை எடுத்துவந்த என் நிலை எவ்வளவு வேறுபட்டது என்று தோன்றியது. மாத்திரையைப் போல அதை நினைத்த நாளில் நிறுத்திவிட முடியாது. போட்ட மருந்து உடலிலிருந்து கரையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்ப ஓராண்டு வரை ஆகலாம் என்பதை ஊசி போட்டபோது எனக்கு எவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது 35 வயது. அந்த வயதில் ஆறு மாத முயற்சிக்குப் பிறகே மருத்துவ ஆலோசனை பெறலாம் என்கிறார்கள், நானோ கருமுட்டை வெளியாகாத மாதங்களை எல்லாம் முயற்சியாக எண்ணி அழுதுகொண்டிருந்தேன். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பொருத்தியிருந்த என் அக்காவுக்கு, அதை அகற்றிய அடுத்த மாதமே கரு தங்கியது. எனக்குப் பத்தாவது மாதம் மாதவிலக்கு திரும்பியது. பதின்மூன்றாவது மாதம் கருவுற்றேன்.