இங்கிலீஷே தெரியாம க்ளாஸ்க்கு வந்த புது பசங்கள மத்தவங்களோட எப்படி பழக விடுறது?

சாக்பீஸ்டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த டேர்ம் நாலு பசங்க புதுசா சேர்ந்திருக்காங்க, நாலு பேருக்கும் இங்கிலீஷ் சுத்தமா வராது, அதுல மூணு பேருக்கு வீட்டு மொழி ஒண்ணேதான், ஒரு பொண்ணுக்கு மட்டும் வேற. முதல் நாளே எல்லாரையும் வட்டமா நிக்கவெச்சு பந்த தூக்கிப் போட்டு, யார் கைக்கு வருதோ அவங்க பேரும் புடிச்ச விளையாட்டும் சொல்லணும்னு ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு கைக்கு பந்து போச்சு, அப்படியே நெஞ்சோட கட்டிக்கிட்டு தரையப் பாத்துட்டு நிக்குது, மத்ததுங்க "நேம் நேம்"னு கத்த, கண்ணு கலங்கிருச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மூணு வாரமாச்சு, இன்னும் வாயே திறக்கல. அந்த மூணு பேரும் அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க. என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

பழையகரும்பலகை:
டீச்சர், மூணு வாரம்லாம் ஒண்ணுமே இல்ல. இத சைலன்ட் பீரியட்னு சொல்வாங்க, சில பசங்க மாசக்கணக்கா பேசாம இருந்துட்டு ஒருநாள் முழு வாக்கியமா எடுத்துவிடுவாங்க. அதுவரைக்கும் காது வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கும். பந்து விளையாட்டுல சிக்கலே, எல்லாரும் பாக்குறப்போ வாயால பதில் சொல்லணும்ங்கிறதுதான். உடம்பால பதில் சொல்ற மாதிரி மாத்திப் பாருங்க. 1960கள்ல ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர் கொண்டுவந்த முறை, டோட்டல் பிசிகல் ரெஸ்பான்ஸ்: "எந்திரி, கதவத் தொடு, உக்காரு"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டே நீங்களே முதல்ல செஞ்சு காட்டணும், பசங்க செஞ்சா போதும், பேச வேண்டாம். மொத்த க்ளாஸும் சேந்து செய்றதால புதுசு எது பழசு எதுன்னே தெரியாது.

இங்க்பேனா:
பேர் விஷயத்துல நான் வாங்குன அடிய சொல்றேன். ஒரு பையன் பேர ஒரு மாசம் தப்பாவே கூப்பிட்டுட்டு இருந்தேன், அவனும் தலைய ஆட்டிட்டே இருந்தான். அவங்க அம்மா கூட்டிட்டுப் போக வந்தப்போ கூப்பிட்டாங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது அது வேற பேரு மாதிரியே இருக்குன்னு. அதுலருந்து முதல் நாளே வீட்டாள் வாயால சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிறேன், க்ளாஸ் மொத்தமும் கேட்டு நாலு தடவ சொல்லிப் பழகும். புதுசா வந்தவன் அன்னிக்கு மத்தவங்கள திருத்துற இடத்துல இருப்பான், அந்த முகத்தப் பாக்கணுமே!

அப்புறம் புதுசா வந்தவனுக்குத் துணையா ஒரு பையனப் (buddy) போடுறப்போ பாத்துப் போடுங்க. அதே மொழி பேசுற பையனப் போட்டா நாள் முழுக்க அவன் தலையில ட்ரான்ஸ்லேட்டர் வேலை விழுது, அவன் பாடம் போச்சு. ஒரே ஆள் வேணாம், ரெண்டு பேர மாத்தி மாத்தி விடுங்க.

மார்ஜின்கோடு:
பழையகரும்பலகை சொல்றதுல பாதிதான் ஒத்துக்கிறேன். சைலன்ட் பீரியட்னு சொல்லிட்டு ஓரமா உக்கார விட்டுட்டா அந்தப் புள்ள வருஷம் பூரா ஓரத்துலதான் இருக்கும், நான் பாத்திருக்கேன். பழகணும்னா ஒருத்தருக்கொருத்தர் தேவைப்படணும். அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எலியட் அரான்சன் 1971ல ஜிக்ஸானு ஒண்ணு ஆரம்பிச்சது அதுக்குத்தான், அங்க வேற வேற இனத்துப் பசங்க முதல்தடவையா ஒரே க்ளாஸ்ல வந்து முட்டிக்கிட்டு நின்னப்போ. பாடத்தத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்துடணும், ஒருத்தன் துண்டு இல்லேன்னா குரூப்புக்கே விடை வராது. உங்களுக்கு இப்போதைக்குப் படமே போதும். ஒரு கதைய ஆறு படமா வெட்டி ஆளுக்கொண்ணு குடுங்க, வரிசைல அடுக்கணும். அந்தப் பொண்ணு கையில இருக்குற படம் இல்லாம கதை முடியாது, அப்போ மத்ததுங்களே தேடிட்டு வரும். மூணு பேரையும் மூணு குரூப்ல பிரிச்சுப் போடுங்க, ஆனா நாள் முழுக்கப் பிரிக்காதீங்க, பாவம், சொந்த மொழில பேச ஒரு பத்து நிமிஷமாவது வேணும்ல.

இன்னொண்ணு, கேள்வி கேட்டா காத்திருங்க. சாதாரணமா டீச்சருங்க ஒரு செகண்டுதான் காத்திருக்காங்கன்னு மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்லயே எழுதிட்டாங்க, மூணு செகண்ட் விட்டாலே பதில் நீளமாகுதாம். மனசுக்குள்ள மொழிபெயர்த்துட்டு இருக்குற புள்ளைக்கு அதுக்கும் மேல வேணும்.

சாக்பீஸ்டீச்சர்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். நேத்து படம் அடுக்குறது ட்ரை பண்ணேன். அந்தப் பொண்ணுகிட்ட கடைசிப் படம் இருந்துச்சு, பக்கத்துல இருந்த பையன் அத நாலாவதா வெச்சுட்டான், அந்தப் பொண்ணு அவன் கையத் தள்ளிவிட்டு "நோ!"ன்னுச்சு. சத்தமாவே. அவனும் விடல, ரெண்டு பேரும் படத்த ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்து ஓரம் கிழிஞ்சுபோச்சு. நான் திட்டவே இல்ல, செல்லோடேப் எடுத்து ரெண்டு பேர் கையிலயும் குடுத்துட்டு நகர்ந்துட்டேன். பேர் ரெக்கார்டிங்குக்கு அந்தப் பொண்ணோட அப்பா வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காரு.