நடுக்கள வீரர் தேஷாம்ப் பயிற்சியாளராக உயர்ந்தது எப்படி?

உப்பளம் ரசிகர்: புதுச்சேரியில் எங்கள் பகுதி இளையோர் கால்பந்து அணிக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். 1998இல் பிரான்ஸ் அணியின் தலைவராக உலகக் கோப்பையை வென்ற திதியே தேஷாம்ப், 2018இல் பயிற்சியாளராகவும் அதையே வென்றார். ஆட்ட அனுபவம் அவருக்கு எவ்வாறு உதவியது என்று நண்பர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை வாசகர்: வணக்கம் ஐயா. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துத் தன் அணியினரிடம் சேர்ப்பதே களத்தில் அவர் வேலை. பயிற்சியாளரான பின்னும் சமநிலையையே முதலில் பார்த்தார். 2018இல் ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தில் அணி தடுமாறியதும், அடுத்த ஆட்டத்தில் நடுக்கள வீரரான மத்துய்தியை இடப்பக்கம் நிறுத்தி, வலப்பக்கம் எம்பாப்பே அச்சமின்றி ஓட வழி செய்தார். அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்காத தாக்குதல் வீரர் ஜிரூவைக் கடைசிவரை முன்வரிசையில் வைத்திருந்தார். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கடலூர் பழைய ஆட்டக்காரர்: மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆயினும் அவர் பட்ட தோல்விகளையும் பார்க்க வேண்டும். 2001இல் ஓய்வு பெற்றவுடன் மொனாக்கோ கழக அணியைப் பொறுப்பேற்று, ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2004 இறுதிவரை கொண்டுசென்று போர்ட்டோவிடம் 3-0 எனத் தோற்றார். பின்னர், புள்ளிகள் பறிக்கப்பட்டு இரண்டாம் பிரிவில் தள்ளப்பட்ட இத்தாலியக் கழகமான யுவென்டசை ஒரே பருவத்தில் மேலே ஏற்றினார். ஐரோப்பிய நாடுகளுக்கான 2016 யூரோ கோப்பை இறுதியில் சொந்த மண்ணிலேயே போர்ச்சுகலிடம் வீழ்ந்தபோதும் பிரான்ஸ் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை மாற்றவில்லை. உங்கள் அணி நிர்வாகிகளிடமும் முதலில் இந்த அவகாசத்தைக் கேட்டுப் பெறுங்கள்.